சங்கு ஊதிவிட்டது என்கிறார் அப்பா: மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் செய்யும் தவறுகள்

அப்பா பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். மில்லை 1996இல் மூடிவிட்டார்கள். ஆனால் இரண்டு ஆண்டுகளாக விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "சங்கு ஊதிவிட்டது, சாப்பாட்டைக் கட்டு" என்கிறார். சங்கு என்றால் வேலைக்கு அழைக்கும் மில் சைரன். அவருக்கு அல்சைமர் வகை டிமென்ஷியா, அதாவது மறதி நோய். புளியந்தோப்பில் ஒன்றரை அறை வீட்டில் அவரையும், மூட்டு வலிக்கார அம்மாவையும் வைத்துக்கொண்டு நான் செய்யாத தவறு கிடையாது. அன்பு குறைந்ததால் செய்தவை அல்ல. டாக்டர் சொன்னது புரியாமல், புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுச் செய்தவைதான் பெரும்பாலும். என்னை அலைக்கழித்ததில் நோய்க்குப் பாதிப் பங்கு என்றால், இந்தக் கூச்சத்துக்கு மீதிப் பங்கு.

"வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிட்டதுதான் முதல் தவறு. பட்டாளம் மார்க்கெட்டுக்குப் போனவர் கொத்தமல்லி வாங்க மறந்து திரும்பினால், அது எல்லோருக்கும் வரும் மறதி. நாற்பது வருடம் நடந்த அதே தெருவில், எந்தப் பக்கம் திரும்பினால் வீடு என்று தெரியாமல் நின்றால் அது வேறு. எங்கள் வீட்டில் இரண்டாவது வகை தொடங்கி ஒன்றரை வருடம் கழித்துத்தான் பரிசோதனைக்குப் போனோம். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்ததில் மண்டைக்குள் உறைந்த இரத்தம், இவை எல்லாமே டிமென்ஷியாவைப் போல வேடம் போடும். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பெரும்பாலும் அதற்காகத்தான் எடுக்கிறார்கள். "எப்படியும் குணமாகாது, எதற்குச் செலவு" என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இந்த வாய்ப்பு போய்விடும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றைப் போன வருடம் மே மாதத்தில் செய்யப் பார்த்தேன். முந்தின நாள் வரை ஓரளவு பேசிக்கொண்டிருந்த அப்பா, காலையில் எழுந்தபோது அம்மாவையே யாரென்று கேட்டார். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொன்னார், கேட்ட கேள்விக்குப் பாதியிலேயே கண்ணை மூடிக்கொண்டார். நோய் முற்றிவிட்டது என்று அழுதுகொண்டு அண்ணனுக்குத் தகவல் சொன்னேன். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் வந்து பார்த்து, "மறதி நோய் ஒரே இரவில் இவ்வளவு தூரம் போகாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ" என்றார். சிறுநீரில் கிருமித் தொற்று. கூடவே, இரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிட்ட நீர் பிரியும் மாத்திரையும் வெயிலும் சேர்ந்து உடம்பில் சோடியத்தைக் குறைத்திருந்தன. பத்து நாளில் பழைய நிலைக்கு வந்துவிட்டார். இதை டெலிரியம், அதாவது திடீர்க் குழப்பநிலை என்கிறார்கள். மாதக்கணக்கில் மெல்ல வரும் மாற்றம் டிமென்ஷியா. மணிக்கணக்கில், நாள்கணக்கில் வருவது வேறு ஏதோ ஒன்று. தொற்று, தண்ணீர்ச் சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, எதுவாகவும் இருக்கலாம். அதற்கு அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் நடக்கும் கூத்து தனிக்கதை. சீட்டில் 1-0-1 என்று எழுதியிருந்ததை "ஒரு நாள் விட்டு ஒரு நாள்" என்று நான் மூன்று வாரம் புரிந்துகொண்டிருந்தேன். காலையில் ஒன்று, மதியம் கிடையாது, இரவில் ஒன்று என்பது அதன் பொருள். பட்டப்படிப்பு படித்தவள் நான். டாக்டர் "புரிந்ததா?" என்றார், தலையாட்டினேன். பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது யார்தான் தலையாட்ட மாட்டார்கள்? இப்போது போவதற்கு முந்தின இரவே மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக்கொள்கிறேன். மூன்றுக்கு மேல் அவருக்கும் பொறுமை இருக்காது, எனக்கும் நினைவிருக்காது. எழுந்திருப்பதற்கு முன், "நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா பாருங்கள்" என்று ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன். இரண்டு தடவை என் தவறு அந்த நாற்காலியிலேயே பிடிபட்டிருக்கிறது.

வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப்போகாததும் தவறு. எல்லாம் என்றால் சளி மாத்திரை, தூக்க மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எல்லாம். ஜலதோஷத்துக்குக் கடையில் சர்வசாதாரணமாகக் கொடுக்கும் குளோர்பெனிரமைன் போன்ற மாத்திரைகள் முதியவர்களின் குழப்பத்தைக் கூட்டும். இரவில் அலைகிறாரே என்று அடுத்த வீட்டுக்காரரின் தூக்க மாத்திரையில் பாதியைக் கொடுப்பவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பாதி மாத்திரையில் தடுமாறி விழுந்து இடுப்பு முறிந்தால் அதன் பிறகு எழுந்து நடப்பதே கேள்விக்குறி. அல்சைமருக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் டோனபெசில், மெமான்டின் போன்ற மாத்திரைகள் நோயைக் குணப்படுத்துவதில்லை. சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைச் சற்றுக் குறைக்கும், அவ்வளவுதான். இது தெரியாமல் "பலனே இல்லை" என்று டாக்டரிடம் கேட்காமல் நிறுத்துவதும் தவறு, "ஞாபகசக்தி திரும்ப வரும்" என்று வாட்ஸ்அப்பில் வரும் டப்பாக்களுக்கு ஆயிரக்கணக்கில் அழுவதும் தவறு. வல்லாரைத் துவையலை நான் விரும்பிச் சாப்பிடுவேன். அது அல்சைமரைக் குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால் மட்டும் துவையலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனி சங்குக்கு வருவோம். ஆரம்பத்தில் ஒவ்வொரு விடியலிலும் வாதாடினேன். "மில் மூடி எத்தனை வருடம் ஆகிறது, அங்கே என்ன இருக்கிறது, உங்களுக்கு எண்பது வயது." கேட்கக் கேட்க அவருக்குக் கோபம் ஏறும், எனக்குக் குரல் ஏறும், அம்மா அழுவார். அவருடைய மூளையில் புதியது தங்கவில்லை, பழையது தங்கியிருக்கிறது. ஐந்து நிமிடம் கழித்து நான் சொன்ன உண்மை அவரிடம் இருக்காது, நான் கத்தியதால் வந்த பதற்றம் மட்டும் இருக்கும். இப்போது, "டீ குடித்துவிட்டுப் போகலாம், இன்னும் நேரம் இருக்கிறது" என்கிறேன். டீ குடிக்கும்போது எந்தத் தறியில் வேலை என்று கேட்பேன். சொல்லத் தொடங்குவார். டம்ளர் காலியாவதற்குள் வேலைக்குப் போவது மறந்திருக்கும். பொய் சொல்கிறோமோ என்று முதலில் உறுத்தியது. இப்போது உறுத்தவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் பலருக்குப் பரபரப்பு கூடும். பகல் முழுவதும் சேர்ந்த களைப்பும், மங்கும் வெளிச்சத்தில் நிழல்கள் ஆளைப் போலத் தெரிவதும் இதற்குக் காரணங்கள். நன்றாக இருட்டும் வரை காத்திருக்காமல் ஐந்து மணிக்கே டியூப்லைட்டைப் போட்டுவிடுங்கள். பணத்தைத் திருடிவிட்டாள் என்று மருமகள் மேல் பழி விழுவதும் அடிக்கடி நடப்பது. தான் வைத்த இடம் மறந்துபோன மூளை இட்டுக்கட்டும் விளக்கம் அது, மனதில் வைத்திருந்த வன்மம் அல்ல. இதை மருமகளிடம் சொல்வதைவிட மாமியாரின் பெண்களிடம் சொல்வது அவசியம், அவர்கள்தான் நம்பிவிடுகிறார்கள்.

வெளியே போய்விடுவார் என்று கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டுக் கடைக்குப் போவது பயங்கரமான தவறு. உள்ளே கேஸ் அடுப்பு இருக்கிறது. வடசென்னைத் தெருக்களின் நெருக்கடியைக் குறை சொல்பவர்கள் உண்டு, இந்த ஒரு விஷயத்தில் அந்த நெருக்கடி வரம். டீக்கடை, இஸ்திரி வண்டி, ஆட்டோ ஸ்டாண்டு, மளிகைக் கடை, நான்கு இடத்திலும் அப்பாவைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன். சட்டைப் பையின் உட்புறம் என் கைபேசி எண்ணைத் துணியில் எழுதித் தைத்திருக்கிறேன். இரண்டு தடவை இஸ்திரிக்காரரே கைபிடித்து அழைத்து வந்தார். நோயை மறைத்திருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

மழைக்காலம் பற்றி ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் இந்தப் பகுதியே தண்ணீரில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு மாத மருந்து, சீட்டு, ஆதார், ஸ்கேன் தாள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண்மேல் வைத்துவிடுங்கள். புது இடத்தில் அவர்களுக்குக் குழப்பம் கூடும் என்பதால் வீட்டைவிட்டுப் போகும்போது அவர்களின் பழைய போர்வையும் கூடவே வரட்டும்.

கடைசித் தவறு, எல்லாவற்றையும் ஒருத்தியே சுமப்பது. அண்ணன் பெங்களூரில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கைபேசியில் அப்பாவிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டு, "நன்றாகத்தானே பேசுகிறார், நீதான் பெரிதுபடுத்துகிறாய்" என்பார். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பல நோயாளிகள் தங்களைத் திரட்டிக்கொண்டு நன்றாகவே பேசுவார்கள் என்பது உண்மை. எனக்குத் தூக்கம் கெட்டது, சர்க்கரை மாத்திரையை நானே போட மறந்தேன், ஒருநாள் அப்பாவின் கையை அழுத்திப் பிடித்ததில் கன்றிப்போனது. அன்றைக்குத்தான் பயந்தேன். பராமரிப்பவரின் பாரத்தை அளக்க 22 கேள்விகள் கொண்ட ஜாரிட் அளவுகோல் என்றே ஒன்றை டாக்டர்கள் வைத்திருக்கிறார்கள், அந்த அளவுக்கு இது அறியப்பட்ட விஷயம். மனநல உதவிக்கான 14416, முதியோர் உதவிக்கான 14567, இரண்டும் கட்டணமில்லாத எண்கள், தமிழிலேயே பேசலாம். இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் நடக்கிறது. அதில் வரும் பெண்ணிடம் உங்கள் இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

"உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் வர மாட்டார்கள். அண்ணனிடம் தேதி சொல்லிக் கேட்டேன். நான்கு நாள் லீவு போட்டு வந்தார், நான் தங்கச்சாலையில் சின்னம்மா வீட்டில் போய்த் தூங்கினேன். மூன்றாம் நாள் விடியற்காலை நாலேகாலுக்குக் கைபேசி அடித்தது. பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. அண்ணன் மெல்லிய குரலில் கேட்டார்: "டீக்குச் சர்க்கரை எங்கே வைத்திருக்கிறாய்?"