கீரிமலை மட்டும் கண்டவருக்கு அன்னபூர்ணா அடிவாரம்

யாழ்ப்பாணத்தில் மலை என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் இடம் கீரிமலை. அங்கே போனாலும் கேணிக்குள் இறங்கிக் குளிக்கலாமே தவிர, ஏறுவதற்கு ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்தவர், நேபாளத்தில் 4,130 மீற்றர் உயரத்தில் இருக்கும் அன்னபூர்ணா அடிவார முகாம் வரை நடக்கலாமா? தாராளமாக நடக்கலாம். கயிறு, கோடரி எதுவும் வேண்டாம். கற்படிகளும் ஒற்றையடிப் பாதையும்தான். நான் இரண்டு தரம் போனேன். முதல் தரம் மலையைச் சரியாகப் பார்க்கவே இல்லை. ஏன் என்பது மூன்றாவது படியில் வரும். மலைப்பக்கமே போகாதவர்களுக்கு எழுதுவதால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

படி 1: எந்த மலை?

எவரெஸ்ட் அடிவாரம் என்றால் ஊரில் சொல்லப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அது 5,364 மீற்றர். போய்வர 12 முதல் 14 நாள் நடக்க வேண்டும். தொடக்கமே லுக்லா என்ற சின்ன விமான நிலையம். அங்கே வானம் மூடினால் விமானம் இல்லை, நாட்கணக்கில் காத்திருக்க நேரிடும். அன்னபூர்ணாவுக்குப் போக்கரா என்ற நகரத்திலிருந்து ஜீப்பில் போய் இறங்கி நடக்கத் தொடங்கலாம். ஒரு வாரத்தில் முடியும். உடம்புக்கு முடியாமல் போனால் திரும்பி இறங்கவும் வழி சுலபம். முதல் தரம் போகிறவருக்கு இதுதான் என் தெரிவு.

படி 2: எந்த மாதம்?

பிள்ளைகள் உள்ள வீடுகளில் முதலில் ஓகஸ்ட் லீவைத்தான் பார்ப்பார்கள். வேண்டாம். நம் ஊர் காய்ந்து கிடக்கும் அந்த மாதங்களில்தான் நேபாளத்தில் மழை கொட்டும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை பாதையில் அட்டை, மண்சரிவு, நாலு பக்கமும் மேகம். ஒக்டோபர், நவம்பரில் நிலைமை தலைகீழ்: இங்கே ஐப்பசி மழை தொடங்கும்போது அங்கே வானம் கழுவித் துடைத்தது போல இருக்கும். கூட்டமும் அப்போதுதான் அதிகம்.

லீவு எடுக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்குச் சித்திரைப் புத்தாண்டு நல்ல தருணம். நேபாளத்தின் வருடப் பிறப்பும் ஏப்ரல் நடுவில்தான். அந்த நேரம் காட்டுப்பகுதி முழுக்க லாலிகுராஸ் சிவப்பாகப் பூத்து நிற்கும். அது அவர்களுடைய தேசிய மலர். பின்னேரத்தில் மேகம் வந்துவிடும் என்பதால் அதிகாலையிலேயே நடையைத் தொடங்க வேண்டும். பனிக்காலத்தில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று: பாதையில் வரும் தேவராலி என்ற இடத்துக்கு அருகில் பனிச்சரிவு விழும் பகுதி இருக்கிறது. 2020 ஜனவரியில் அங்கே நடைப்பயணிகள் இறந்திருக்கிறார்கள். முதல் தரம் போகிறவர் அந்த மாதங்களைத் தொட வேண்டாம்.

படி 3: நாள் கணக்கு

இந்தப் பதிவில் ஒரேயொரு பகுதியைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

முதல் தரம் நான் எடுத்தது ஐந்து நாள் சுற்றுலாப் பொதி. விலை குறைவு, லீவும் மிச்சம். இரண்டாம் இரவு 2,920 மீற்றரில் இருக்கும் ஹிமாலயா என்ற இடத்தில் படுத்தோம். மூன்றாம் நாள் பின்னேரம் முகாமுக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். கால் நன்றாகத்தான் இருந்தது. இரவு ஏழு மணிக்குத் தலையிடி தொடங்கியது. நெற்றியைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டியது போல. எட்டு மணிக்குச் சத்தி. சூப் வாசம் கூடப் பிடிக்கவில்லை. வழிகாட்டி என் முகத்தில் ரோச் அடித்துப் பார்த்தார், சப்பாத்தைப் போடு என்றார். அந்த இருட்டிலேயே என்னைக் கீழே மச்சாபுச்ரே முகாமுக்குக் கூட்டி வந்தார். இறங்கியது 430 மீற்றர்தான். விடியும்போது தலையிடி பாதியாகக் குறைந்திருந்தது. கூட வந்தவர்கள் அன்னபூர்ணாவில் வெயில் ஏறும் படங்களோடு இறங்கி வந்தார்கள். நான் அவற்றைப் போனில் பார்த்தேன்.

நடந்தது இவ்வளவுதான்: 4,130 மீற்றரில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 60 வீதம் அளவுதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒக்சிசனும் அவ்வளவே. உடம்பு அதற்குப் பழக நாள் வேண்டும். 3,000 மீற்றருக்கு மேலே, படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீற்றருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. நான் ஒரே நாளில் 1,210 மீற்றர் ஏறிப் படுத்தேன். தினமும் ஓடுகிற வாட்டசாட்டமான பெடியனுக்கும் இது வரும். வேகமாக ஏறக்கூடியவர் என்பதால் அவருக்குச் சிலவேளை முதலில் வரும்.

இரண்டாம் தரம் போட்ட திட்டம் இது. முதல் நாள் போக்கராவிலிருந்து ஜீப்பில் ஜினு பக்கம் போய், அங்கிருந்து சோம்ரோங் வரை நடை, 2,170 மீற்றர். இரண்டாம் நாள் தோபான், 2,600. மூன்றாம் நாள் தேவராலி, 3,230. நான்காம் நாள் மச்சாபுச்ரே முகாம், 3,700. அன்று அரை நாள் நடைதான். மிச்ச நேரம் சும்மா இருக்க வேண்டும், அதுதான் அன்றைய வேலை. ஐந்தாம் நாள் விடிய முன்னர் புறப்பட்டால் இரண்டு மணித்தியாலத்தில் அன்னபூர்ணா முகாம். பார்த்துவிட்டு அன்றே தோபான் பக்கம் இறங்கலாம். ஆறாம் நாள் ஜினு, ஏழாம் நாள் போக்கரா. தேவராலியிலிருந்து நேரே மேலே போய் ஒரு நாளை மிச்சம் பிடிக்கலாமே என்று பொதி விற்பவர் சொல்லுவார். அந்த மச்சாபுச்ரே இரவுக்குக் காசைக் கூடக் கொடுத்தாவது எழுதி வாங்குங்கள்.

யாழ்ப்பாணத்து வாசலிலிருந்து திரும்ப வாசல் வரை 13 நாள் வையுங்கள். கொழும்புக்கு இரவு பஸ், கட்டுநாயக்கவிலிருந்து கத்மண்டு, அங்கே ஒரு இரவு, பிறகு போக்கராவுக்கு 200 கிலோமீற்றர். பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். விமானத்தில் அரை மணிக்கும் குறைவு. பலாலியிலிருந்து சென்னை வழியாகவும் யோசிக்கலாம். ஆனால் டிக்கெட்டைத் தனித்தனியாக எடுத்தால் இந்திய விசாவும் எடுக்க வேண்டிவரும். கத்மண்டுவில் இறங்கியதும் கடிகாரத்தை 15 நிமிடம் முன்னுக்குத் தள்ளுங்கள். கால் மணி நேர வித்தியாசம் உள்ள நாடு வேறெங்கே கிடைக்கும்!

படி 4: வழிகாட்டியும் கடுதாசிகளும்

2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும் என்பது நேபாளத்தின் விதி. விதி இல்லாவிட்டாலும் நான் ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போவேன். அந்த ரோச் வெளிச்சம் இன்னும் நினைவிருக்கிறது. பொதியாக எடுக்காமல் தனியாகப் பேசினால் வழிகாட்டிக்கு நாளுக்கு 25 முதல் 35 டொலர் வரை கேட்பார்கள். பேசும்போதே மூன்று கேள்விகள் கேளுங்கள்: உரிமம் இருக்கிறதா, அவருக்கும் சுமைகாரருக்கும் காப்புறுதி இருக்கிறதா, எனக்குத் தலையிடித்தால் திட்டத்தை மாற்றுவீர்களா. மூன்றாவதற்கு இழுத்துப் பதில் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இங்கே ஒரு மரியாதை உண்டு, அபூர்வமாக. சார்க் நாட்டவர் என்பதால் வருடத்தின் முதல் பயணத்துக்கு 30 நாள் விசா இலவசம், விமான நிலையத்திலேயே கிடைக்கும். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதியும் நமக்கு 1,000 நேபாள ரூபாய். மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. பொதி விற்பவர்கள் பலர் எல்லோருக்கும் ஒரே விலையைப் போட்டுவிடுவார்கள். சார்க் கட்டணம் என்று சொல்லிக் கழிக்கச் சொல்லுங்கள். கனடாவிலிருந்து வந்து சேர்ந்த மச்சான் 15 நாள் விசாவுக்கு 30 டொலர் கட்டிவிட்டு என்னை முறைத்துக்கொண்டு நின்றான். கடவுச்சீட்டு அளவுப் படங்கள் நாலைந்து கையோடு கொண்டுபோங்கள்.

காப்புறுதியை வாங்கும்போது சின்ன எழுத்தை வாசியுங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதி பெரும்பாலும் உயரத்தில் நடப்பதைச் சேர்க்காது. 4,500 மீற்றர் வரை மலைநடையும் ஹெலிகொப்டர் மீட்பும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். தேவையில்லாமல் ஹெலியைக் கூப்பிட்டுக் காப்புறுதிக் காசில் பங்கு போடுகிற மோசடியும் நேபாளத்தில் நடந்திருக்கிறது. இலேசான தலையிடிக்கு உடனே ஹெலி என்றால், முதலில் நடந்து இறங்கிப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

படி 5: மேடில்லாத ஊரில் பயிற்சி

மூன்று மாதம் போதும். சமதரையில் எத்தனை மைல் நடந்தாலும் படி ஏறும் தசை வராது. நான் செய்தது: கிழமையில் மூன்று நாள், வேலை செய்யும் கட்டிடத்தின் நாலு மாடியை ஐந்தாறு தரம் ஏறி இறங்கினேன், முதுகுப் பையில் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டு. காவலாளி ஐயா முதல் வாரம் சிரித்தார், இரண்டாம் வாரம் எண்ணத் தொடங்கினார். ஞாயிறுகளில் மணற்காட்டு மணல் மேடுகள். புதைகிற மணலில் ஒரு மணித்தியாலம் ஏறி இறங்கினால் கெண்டைக்கால் சொல்லும் எவ்வளவு வேலை என்று. சைக்கிளில் பண்ணைப் பாலத்தில் எதிர்காற்றுக்கு மிதிப்பதும் மூச்சுக்கு நல்லது.

புறப்பட ஒரு மாதத்துக்கு முன் சிவனொளிபாதமலை. 2,243 மீற்றர், ஐயாயிரத்துக்கும் மேலே படிகள். மார்கழியிலிருந்து வைகாசி வரை பருவம். நேபாளத்துக்குப் போடப்போகிற அதே சப்பாத்து, அதே பையோடு ஏறுங்கள். மறுநாள் படி இறங்கும்போது முழங்கால் என்ன சொல்கிறது என்று பாருங்கள். அன்னபூர்ணாவில் அதை ஏழு நாள் கேட்க வேண்டும்.

படி 6: சாமான்

நாம் செருப்போடு வளர்ந்தவர்கள், பாதம் அகலம். சப்பாத்தை ஒரு அளவு பெரிதாக எடுத்து, மொத்தமான காலுறையோடு இரண்டு மாதம் போட்டுப் பழக்குங்கள். பருத்திக் காலுறை வியர்வையில் ஊறிக் கொப்புளம் போடும், கம்பளி நல்லது. பஞ்சு ஜக்கெட்டையும் படுக்கைப் பையையும் இங்கே தேடி அலைய வேண்டாம், போக்கரா ஏரிக்கரையில் வாடகைக்குக் கிடைக்கும். நீங்கள் சுமக்கும் பை 6 கிலோவைத் தாண்டாமல் பாருங்கள்.

தேங்காய் எண்ணெய் கொண்டுபோகாதீர்கள். என் போத்தலில் அது மெழுகுதிரியாகி, சுரண்டித்தான் எடுத்தேன். பருத்தித்துறை வடை கட்டாயம் வேண்டும். கெட்டுப்போகாது, உப்பும் உறைப்புமாக வாய்க்கு உயிர் கொடுக்கும். ஆனால் ஒட்டிய பைக்கற்று மேலே போகப் போக பலூன் மாதிரி ஊதும். தேவராலியில் என்னுடையது பையைத் திறந்ததும் துள்ளி வெளியே விழுந்தது. பனங்கட்டித் துண்டுகள் சட்டைப்பையில் இருக்கட்டும். இரவில் போனையும் பவர்பாங்கையும் உங்களோடு போர்வைக்குள் வைத்துப் படுங்கள், குளிரில் சார்ஜ் இறங்கிவிடும். காசு எல்லாவற்றையும் போக்கராவிலேயே நேபாள ரூபாயாக மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 7: மலையில்

நேபாளியில் அண்ணனைக் கூப்பிடும் சொல் கிட்டத்தட்ட நம் 'தாய்' போல ஒலிக்கும். வழிகாட்டியை அப்படித்தான் கூப்பிட வேண்டும். முதல் நாள் சிரிப்பு வரும். அவர் உங்களிடம் அதிகம் சொல்லப்போகிற சொல் 'பிஸ்தாரை'. நம் ஊரில் 'ஆறுதலா வாங்கோ' என்று சொல்வோமே, அதேதான். பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் கதைக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

சாப்பாடு கவலையே இல்லை. தால்பாத் என்பது சோறும் பருப்பும் கறியும், கேட்கக் கேட்கத் திரும்பப் போடுவார்கள். சோம்ரோங்குக்கு மேலே உள்ள பள்ளத்தாக்கைக் குருங் மக்கள் புனிதமாக நினைக்கிறார்கள், மேலே இறைச்சி கொண்டுபோவதில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு 25 நாள் மரக்கறி சாப்பிடுகிற நமக்கு இதெல்லாம் ஒரு விசயமா? மச்சாபுச்ரே என்றால் மீன்வால், 6,993 மீற்றர். 1957இல் ஏறிய பிரித்தானியக் குழு உச்சிக்கு 50 மீற்றர் அளவில் நின்று, நம்பிக்கைக்கு மதிப்புக் கொடுத்துத் திரும்பியது. அந்த மலையில் ஏற இப்போது யாருக்கும் அனுமதியில்லை.

தண்ணீர் நாளுக்கு மூன்று லீற்றர் குடியுங்கள், கொதித்த தண்ணீர் அல்லது குளோரின் குளிசை போட்டது. முகாமில் தேத்தண்ணி சூடு போதவில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 86 பாகை அளவிலேயே கொதித்துவிடும்.

அசெற்றசோலமைட் என்ற குளிசை உடம்பு பழக உதவும். அதை ஊரிலேயே உங்கள் டொக்டரிடம் கேட்டு, அளவும் ஒவ்வாமையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கொரோனாக் காலத்தில் வாங்கிய ஒக்சிமீற்றர் வீட்டில் கிடந்தால் கொண்டுபோகலாம், ஆனால் அது காட்டும் இலக்கத்தை விட உடம்பை நம்புங்கள். தலையிடி, பசியின்மை, சத்தி வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. ஓய்வெடுத்தும் கூடினால் இறங்க வேண்டும். நேர்கோட்டில் நடக்கத் தள்ளாடினால், சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டினால், விடியும் வரை காத்திராமல் அப்போதே இறக்கம். சுகமில்லை என்பதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். நான் ஒரு மணித்தியாலம் மறைத்து வைத்திருந்தேன்.

படி 8: இறக்கம்

ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முழங்கால். ஊன்றுகோல் இரண்டை வாடகைக்கு எடுங்கள். பெருவிரல் நகம் கறுக்காமல் இருக்க, புறப்பட முன் நகத்தை ஒட்ட வெட்டிச் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். சினுவா என்ற ஊரிலிருந்து ஆற்றுக்கு இறங்கித் திரும்பச் சோம்ரோங்குக்கு ஏறுகிற படிகளில் எல்லோரும் ஒரு தரம் திட்டுவார்கள், திட்டிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஜினு. ஊரிலிருந்து அரை மணி நேரம் கீழே ஆற்றங்கரையில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. கட்டிய தொட்டிக்குள் கழுத்தளவு இறங்கி உட்காரலாம், பக்கத்தில் பனி உருகிய ஆறு இரைந்து ஓடும். கண்ணை மூடினால் கீரிமலைக் கேணி மாதிரியே சத்தம், தண்ணீர் மட்டும் சுடும். துவாய் கொண்டுபோங்கள். நான் இரண்டு தரமும் மறந்துபோய், ஈரச் சட்டையோடுதான் படியேறி வந்தேன்.