ஆடம்ஸ் – ஜெஃபர்சன் கடிதங்கள்: வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் முன்னாள் அதிபர்கள் ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெஃபர்சனும் முதுமையில் எழுதிக்கொண்ட கடிதங்கள் என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது அவர்களின் மரணம்தான். சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளான 1826 ஜூலை 4 அன்று இருவரும் இறந்தார்கள். அந்த முடிவை மனதில் வைத்துக்கொண்டு 1812-ஆம் ஆண்டுக் கடிதத்தைத் திறக்காதீர்கள். எல்லா வரியும் கனிந்த நட்பாகவே தெரியும். உள்ளே இருக்கும் உரசல் கண்ணில் படாது.

1800 தேர்தலில் தோற்ற ஆடம்ஸ், ஜெஃபர்சன் பதவியேற்ற நாளன்று விடியும் முன்பே தலைநகரை விட்டுக் கிளம்பிவிட்டார். பொது நண்பரான மருத்துவர் பெஞ்சமின் ரஷ் விடாமல் முயன்றதால்தான் 1812 ஜனவரி 1-இல் ஆடம்ஸ் மீண்டும் எழுதினார். அதோடு சமாதானம் ஆகிவிட்டது என்று எண்ணுவது அடுத்த தவறு. மறு ஆண்டே, ஜெஃபர்சன் எப்போதோ வேறொருவருக்கு எழுதிய பழைய கடிதம் ஒன்று அச்சில் வந்திருப்பதை ஆடம்ஸ் பார்த்தார். அதில் தன் ஆட்சியைப் பற்றி இருந்ததைப் படித்துக் கொதித்த ஆடம்ஸ், விளக்கம் கேட்டு அடுத்தடுத்து எழுதினார். ஒருவருக்கொருவர் நம்மை விளக்கிச் சொல்லாமல் நாம் சாகக் கூடாது என்று அவர் எழுதியது இந்தச் சூட்டில்தான், 1813 ஜூலையில். அதைத் தனியே பிடுங்கி மேற்கோள் காட்டினால் சாந்தமான கிழவரின் குரல் போல ஒலிக்கும்.

1823-இல் நிலைமை தலைகீழானது. ஜெஃபர்சனைத் திட்டி ஆடம்ஸ் முன்பு தன் உறவினருக்கு எழுதியவை அச்சேறின. பழையதைக் கிளறி இந்த வயதில் அன்பைக் குலைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஜெஃபர்சன் முந்திக்கொண்டு எழுதினார். காலை உணவு மேசையில் குடும்பத்தார் முன் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார் ஆடம்ஸ். என்னைக் கேட்டால், இவர்களின் நட்பு உறுதிப்பட்டது அந்த மேசையில்தான்.

எண்ணிக்கையை வைத்து அன்பை அளக்கவும் வேண்டாம். 1812-க்குப் பிந்தைய 158 கடிதங்களில் 109 ஆடம்ஸ் எழுதியவை. ஜெஃபர்சன் ஒட்டாமல் இருந்தார் என்று இதிலிருந்து சிலர் முடிவு கட்டுகிறார்கள். 1820-இல் மட்டும் தனக்கு 1,267 கடிதங்கள் வந்ததாக ஜெஃபர்சனே ஆடம்ஸிடம் புலம்பியிருக்கிறார். 1786-இல் பாரிஸில் அடிபட்ட மணிக்கட்டும் முதுமையில் விறைத்துப்போயிருந்தது. கை நடுக்கத்தால் ஆடம்ஸோ சொல்லச் சொல்ல வீட்டார் எழுதினார்கள். எனவே மூலப்பிரதியின் கையெழுத்தைப் பார்த்து அவர் மனநிலையை ஊகிக்காதீர்கள்.

யாருக்கு எழுதியது என்று பார்க்காமல் மேற்கோள் காட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. அடிமை முறையை, பிடித்திருக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் ஓநாயின் காதைப் பிடித்திருப்பதற்கு ஒப்பிட்ட ஜெஃபர்சனின் புகழ்பெற்ற வரி, 1820-இல் ஜான் ஹோம்ஸ் என்ற அரசியல்வாதிக்கு எழுதியது, ஆடம்ஸுக்கு அல்ல. தத்துவம், மதம், முதுமை என்று பக்கம் பக்கமாக அலசிய இந்த இருவரும் அடிமை முறையைத் தொட்ட இடங்கள் மிகக் குறைவு. அந்த மௌனத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். 1821 பிப்ரவரியில் ஆடம்ஸ், அரை நூற்றாண்டாக நாட்டின் மேல் கருமேகமாகத் தொங்குவது அடிமை முறை என்று அவருக்கு எழுதினார். அதே கடிதத்தில், அதைத் தென்மாநிலத்தாரிடமே விட்டுவிடுவதாகத் தான் சொல்லிவந்ததையும் ஒப்புக்கொண்டார்.