பெட்டியை இறக்கும் முன்: பழைய சி-4 ஆட்டோமேட்டிக்கை நாமே சரிசெய்வது

என்னுடையது 1966 மஸ்டாங். ஃபோர்டின் மூன்று கியர் சி-4 ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி. ஒருநாள் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும் நேரத்தில் இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டு ஏறியது, வண்டி நகரவில்லை. ஒரு நொடி கழித்து 'டக்'கென்று பிடித்தது. கொண்டுபோய்க் காட்டிய இடத்தில், பெட்டியை இறக்கிப் பிரித்தே ஆக வேண்டும் என்றார்கள். நான் இறக்க விடவில்லை. பெட்டிக்குள் எது வழுக்குகிறது என்பதை வெளியிலிருந்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஆயில். சமதளத்தில் நிறுத்தி, நன்றாக ஓடிச் சூடான வண்டியில், பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை தள்ளிவிட்டு, பார்க்கில் போட்டு, இன்ஜின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு: கூடினால் ஆயில் நுரைத்து, பம்ப் காற்றை உறிஞ்சி, கியர் வழுக்கும். ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்கலாம். சிவப்பாக இருந்தால் நல்லது. பழுப்பாகிக் கருகிய வாடை அடித்து, கரித்தூளும் ஒட்டினால் உள்ளே கிளட்ச் எரிந்திருக்கிறது. அதை வெளியிலிருந்து சரிசெய்ய முடியாது. இந்தப் பெட்டிக்கு உரியது டைப் எஃப் ஆயில்.

இன்னொன்று. 1964 முதல் 1966 வரையிலான சி-4 வண்டிகளில் ட்ரைவ் நிலைக்கு இரண்டு புள்ளிகள் இருக்கும். பெரிய பச்சைப் புள்ளியில் வண்டி முதல் கியரில் கிளம்பும், சின்னப் புள்ளியில் இரண்டாவதில் கிளம்பும். 'வண்டிக்கு இழுவையே இல்லை' என்று கவலைப்படுபவர்கள் லீவர் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இப்போது ஓட்டிப் பார்க்கலாம். முன்னோக்கிப் போகும் எல்லாக் கியரிலும் ஃபார்வர்டு கிளட்ச் வேலை செய்யும். அதோடு இரண்டாவது கியருக்கு நடு பேண்ட், அதாவது உள்ளே சுழலும் உருளையைச் சுற்றியிருக்கும் பட்டை, இறுக்கிப் பிடிக்க வேண்டும். மூன்றாவதுக்கும் ரிவர்ஸுக்கும் பொதுவாக ஒரு கிளட்ச். ரிவர்ஸுக்குக் கூடவே பின் பேண்டும் வேண்டும். ஆகவே மூன்றாவதும் ரிவர்ஸும் சேர்ந்து வழுக்கினால் அந்தப் பொதுக் கிளட்ச்மேல் சந்தேகம். மூன்றாவது நன்றாக இருந்து ரிவர்ஸ் மட்டும் வழுக்கினால் பின் பேண்ட். ரிவர்ஸ் ஒழுங்காக இருந்து முன்னோக்கி எல்லாமே வழுக்கினால் ஃபார்வர்டு கிளட்ச். என் வண்டியில் முதலும் மூன்றாவதும் ரிவர்ஸும் சுத்தமாக இருந்தன, இரண்டாவதுதான் தகராறு. அப்படியானால் நடு பேண்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பேண்டைத் தொடும் முன் வேக்யூம் ஹோஸைப் பார்த்துவிடுங்கள். பெட்டியின் பின்பகுதியில் சின்ன உலோக டப்பா மாதிரி இருப்பது மாடுலேட்டர். இன்ஜினின் வேக்யூமை, அதாவது அது காற்றை உறிஞ்சும் இழுப்பை, வைத்துத்தான் அது கியர் மாறும் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. ஹோஸ் வெடித்திருந்தால் வேக்யூம் குறையும், கியர் தாமதமாக, முரட்டுத்தனமாக மாறும். ஹோஸைக் கழற்றி நுனியில் விரலை விடுங்கள். உள்ளே சிவப்பு ஆயில் ஈரம் இருந்தால் மாடுலேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்துவிட்டது. இன்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சி எரிப்பதால் புகைக்குழாயில் வெள்ளைப் புகையும் வரும். கீழே ஒரு சொட்டும் ஒழுகாமல் ஆயில் குறைந்துகொண்டே போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். மாடுலேட்டரை மாற்றினால் போதும்.

அப்புறம் பேண்ட். சக்கரங்களுக்கு அடைகொடுத்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கை நம்பிக் கீழே போகவே கூடாது. நடு பேண்டின் திருகு பெட்டியின் இடப்பக்கம், முன்புறமாக இருக்கும். சதுரத் தலை, அதைச் சுற்றி லாக் நட். அழுக்கைத் துடைத்துவிட்டு நட்டைக் கழற்றி எறியுங்கள், புதியது போடுங்கள். ஆயில் கசியாமல் அடைப்பதும் அந்த நட்தான். நட்டைக் கழற்றும்போது திருகு கூடவே சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அதிகம் வெளியே வந்தால் உள்ளே பேண்டைத் தாங்கும் துண்டு கழன்று விழுந்துவிடும், பிறகு அடித்தட்டைக் கழற்றித்தான் தேட வேண்டும்.

இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 10 அடி-பவுண்டுக்குத் திருகை இறுக்குங்கள். அந்த இடத்திலிருந்து சரியாக ஒன்றே முக்கால் சுற்றுத் தளர்த்துங்கள். எண்ணிக்கை தப்பாமலிருக்க நான் திருகின் ஒரு மூலையில் வெள்ளைப் பெயின்ட் பொட்டு வைத்துக்கொண்டேன். மூலை ஒவ்வொன்றும் கால் சுற்று, மொத்தம் ஏழு. திருகு அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இந்தப் பிடியில்தான் பலருக்கும் தப்பு நடக்கிறது. நட்டோடு திருகும் கால் சுற்றுப் போய்விட்டால் கணக்கு கெட்டது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். பின் பேண்டின் திருகு வலப்பக்கம், பின்னால். அதற்கும் அதே 10 அடி-பவுண்டு, ஆனால் மூன்று சுற்றுத் தளர்த்த வேண்டும்.

என் திருகு 10 அடி-பவுண்டை எட்டுவதற்குள் இரண்டு சுற்றுக்கு மேல் உள்ளே போனது. அவ்வளவு தளர்ந்திருந்தது. சரிசெய்து ஓட்டினேன், இரண்டாவது கியர் உறுமலே இல்லாமல் விழுந்தது. இதற்குப் பிறகும் வழுக்கினால் பேண்ட் தேய்ந்திருக்கலாம், அல்லது அதை இயக்கும் சர்வோவின் சீல் போயிருக்கலாம். சர்வோ மூடி வெளிப்பக்கம் இருப்பதால் அதையும் பெட்டியை இறக்காமலே பார்க்கலாம். அன்று இரவு வண்டிக்கடியில் ஓர் அட்டையை விரித்துவைத்தேன். காலையில் புது நட்டுக்கு நேர் கீழே அட்டை காய்ந்தே இருந்தது.