குழந்தைகளுக்கான படப் புத்தகம்: பாட்டு எழுதிப் படம் வரைவது எப்படி?

முதலில் பக்கக் கணக்கு. அச்சகத்தில் பெரிய தாளில் இரு பக்கமும் அடித்து மடிப்பதால் படப் புத்தகங்கள் பெரும்பாலும் 16, 24, 32 பக்கங்களில்தான் வரும். 24 பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பு, பதிப்பு விவரம், சமர்ப்பணம் என்று முதல் 3 பக்கமும் கடைசிப் பக்கமும் போனால், விரித்தால் எதிரெதிரே தெரியும் பக்கங்கள் 10 ஜோடி மிஞ்சும். முழுக் கதையும் அதற்குள் அடங்க வேண்டும். ஜோடிக்கு 4 வரி என்றாலே 40 வரி ஆகிவிடும், 3 வயதுக் குழந்தைக்கு அது அதிகம். சில இடத்தில் 2 வரி போதும், ஓரிரு இடத்தில் வரியே இல்லாமல் படத்தை மட்டும் விட்டுவிடலாம்.

ஆறு ஏ4 தாளை ஒன்றாக மடித்து நடுவில் பின் அடித்தால் 24 பக்க மாதிரிப் புத்தகம் தயார். பென்சிலால் கிறுக்கி, பாட்டு வரிகளை வெட்டி ஒட்டி, புரட்டிப் பாருங்கள். புரட்டாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

அப்புறம் பாட்டு. இப்போது பலர் வரிக் கடைசியில் மட்டும் ஓசையைச் சேர்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். தமிழ்க் காதுக்கு வரியின் தொடக்கத்தில் வரும் எதுகையும் மோனையும்தான் முதலில் எட்டும். ஒரு சின்ன உதாரணம் எழுதிக் காட்டுகிறேன்:

மாடி மேலே ஏறுது பூனை
ஆடி ஆடித் தொடருது வாலு
கூடை ஒன்று குலுங்குது அங்கே
மூடி தூக்கிப் பார்ப்பது யாரு?

வரிக்கு நாலு சீர், நாலு கைதட்டு. மாடி, ஆடி, கூடை, மூடி என்று இரண்டாம் எழுத்து டகர வரிசையில் ஒன்றுகிறது; கூடை, குலுங்குது என்பது மோனை. 'ஏறுகிறது' என்று எழுதினால் தட்டு தப்பும், அதனால் 'ஏறுது' என்று பேச்சு வழக்கையே வைத்தேன், ஆனால் அப்படி ஆரம்பித்தால் கடைசிவரை அப்படியே போக வேண்டும், நடுவில் திடீரென்று இலக்கணத் தமிழுக்குத் தாவக் கூடாது. எதுகைக்காகக் கதைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சொல்லை இழுத்து வராதீர்கள். சொல் கிடைக்கவில்லையென்றால் வரியையே மாற்றுங்கள். எழுதியதை வேறொருவரிடம் கொடுத்து, முன்கூட்டிச் சொல்லாமல் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் சீர்தான் திருத்த வேண்டிய இடம்.

இந்த நாலு வரியில் சொல்லாமல் விட்டதைப் பாருங்கள். பூனை என்ன நிறம், மாடியில் வடாம் காய்கிறதா, துணி காய்கிறதா, எதுவும் பாட்டில் இல்லை. அதெல்லாம் படத்தின் வேலை. கறுப்புப் பூனையை வரைந்துவிட்டு, பக்கத்திலேயே 'கறுப்புப் பூனை' என்றும் எழுதினால் குழந்தை கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? இன்னும் ஒரு படி மேலே போய், பாட்டில் வராத ஒரு அணிலைப் பக்கத்துக்குப் பக்கம் எங்காவது ஒளித்து வையுங்கள். எழுத்துத் தெரியாத குழந்தைதான் அதை முதலில் பிடிக்கும், பெரியவருக்குக் காட்டும், மறுபடி படிக்கச் சொல்லும். எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த பகுதி இதுதான். 'யாரு?' என்ற கேள்வி வலப் பக்கத்தின் கீழே வர வேண்டும். பதில் அடுத்த தாளைப் புரட்டியதும் படமாக மட்டும் வரட்டும்.

படம் தொடங்குமுன் பூனையை முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று ஒரே தாளில் வரைந்து, கூடைக்குப் பக்கத்தில் அதன் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பத்தாவது ஜோடிக்குள் அது வேறு பூனையாகிவிடும். எல்லாப் படத்தையும் ஒரே தூரத்திலிருந்து வரையாதீர்கள்: ஒன்றில் மாடி முழுக்க, ஒன்றில் மீசை மட்டும்.

எழுத்துக்கு இடம் முதல் கிறுக்கலிலேயே ஒதுக்குங்கள். தமிழில் மேலே புள்ளியும் இகர, ஈகார வளைவுகளும் கீழே உகரச் சுழிகளும் வருவதால் வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் வேண்டும். இலையும் பூவுமாக நெருக்கமான படத்தின் மேல் எழுத்தை வைத்தால் புள்ளி காணாமல் போகும். ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும் எழுத்துருவைத் தவிர்த்துவிடுங்கள், படிக்கப் பழகும் குழந்தை குழம்பும்.

அச்சு விஷயம் சுருக்கமாக: ஓரத்தில் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரையுங்கள், நடு மடிப்பில் முகம் வராமல் பாருங்கள், அச்சு அளவிலேயே 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும். திரையில் மின்னும் கிளிப்பச்சை, நாலு மை கலந்து அடிக்கும் சிஎம்ஒய்கே அச்சில் மங்கும், ஒரு மாதிரி அச்செடுத்துப் பார்த்துவிட்டு நிறத்தை முடிவு செய்யுங்கள்.

குழந்தைகள் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படப் புத்தகங்களை இலவசமாகப் படிக்கலாம். யாரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் திறந்த உரிமத்தில் இருக்கும் படங்களை எடுத்து அவற்றுக்குப் பாட்டு எழுதியும் பழகலாம். வரையத் தெரியாதவர்கள் அங்கிருந்தே தொடங்குங்கள்.