மஸ்கட் துப்பாக்கிக் காலச் சதுர வியூகம்: அட்டைத் துண்டுகளால் அமைத்துப் பார்க்கும் முறை

குதிரைப்படை பாயும்போது காலாட்படை நான்கு பக்கமும் சுவராக, வெளியே நோக்கி நிற்பதுதான் சதுர வியூகம். நெப்போலியன் காலப் போர் ஓவியங்களில் அது கட்டி முடிந்த நிலையில்தான் இருக்கும். ஒரு பட்டாலியனின் பத்து கம்பெனிகள், அதாவது அந்தக் காலாட்படைப் பிரிவின் உட்பிரிவுகள், எங்கிருந்து கிளம்பி எந்தப் பக்கமாக நின்றன என்பது அதில் தெரியாது. 1815 வாட்டர்லூ கால பிரிட்டிஷ் பட்டாலியன் ஒன்றை மேசைமேல் நகர்த்திப் பார்த்தால் சட்டென்று பிடிபடும்.

ஏ4 கிராஃப் தாள், கெட்டியான சார்ட் அட்டை, ஸ்டீல் ஸ்கேல், கட்டர் போதும். கணினியில் வரைய வேண்டாம். அங்கே ஒரு கட்டம் இன்னொன்றின்மேல் ஏறினாலும் தெரியாது; அட்டை முட்டி நிற்கும். எங்கே முட்டுகிறது என்பதுதான் இதில் பாடம். பசையும் தேவையில்லை, கடைசிவரை நகர்த்திக்கொண்டே இருப்போம்.

அளவு

ஒரு கம்பெனிக்கு 64 பேர் என்று வைத்துக்கொள்வோம். களத்தில் எண்ணிக்கை கூடும், குறையும். 64 நான்கால் சரியாக வகுபடும் என்பதால் வசதி. இரண்டு வரிசையாக நின்றால் பக்கவாட்டில் 32 பேர். தோளோடு தோள் நிற்கும் ஒருவருக்கு 22 அங்குலம், அதாவது சுமார் 56 செ.மீ. அதைத் தாளில் 2 மி.மீ. என்று கொண்டால், ஒரு கம்பெனி 64 மி.மீ. நீளமும் 5 மி.மீ. அகலமும் உள்ள பட்டை.

பத்துப் பட்டைகள் வெட்டி எண் போடுங்கள். எண் 1 கிரெனடியர் (பொறுக்கியெடுத்த வீரர்கள்) கம்பெனி, எண் 10 லைட் (இலகு காலாட்படை) கம்பெனி. 3 முதல் 8 வரை உள்ளவற்றை மட்டும் 16 மி.மீ. கொண்ட நான்கு துண்டுகளாக்குங்கள். ஒவ்வொன்றிலும் எதிரியை நோக்கும் ஓரத்தில் சிவப்புக் கோடு இழுங்கள். இதை விட்டுவிட்டால் திருப்பிய பிறகு எது முன்பக்கம் என்று தெரியாது.

கால் இடைவெளிப் பத்தி

1 முன்னால் வர, பட்டைகளை எண் வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குங்கள்; இந்த அடுக்குதான் ‘பத்தி’. ஒரு சிவப்புக் கோட்டிலிருந்து அடுத்த சிவப்புக் கோட்டுக்கு 16 மி.மீ., அதாவது கம்பெனி நீளத்தில் கால் பங்கு. பட்டைகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை அளந்து 16 வைத்தால் பட்டையின் 5 மி.மீ. சேர்ந்து 21 ஆகிவிடும். சுவரில் ஓட்டை விழும்.

மடக்குதல்

1 அசையாது. 2 முன்னேறி 1-இன் முதுகோடு ஒட்டும். இப்போது முன்பக்கம் நான்கு வரிசை.

தடுமாற்றம் அடுத்துத்தான் வரும். 2 முன்னால் போனதும் அதற்கும் 3-க்கும் நடுவே இடம் அகன்றுவிடும். 3 முதல் 8 வரை ஆறு கம்பெனிகளும் தங்களுக்குள் உள்ள 16 மாறாமல் சேர்ந்தே 6 மி.மீ. முன்னே வர வேண்டும். அளவு சரியா என்று பார்க்க, 2-இன் பின் ஓரத்திலிருந்து 3-இன் சிவப்புக் கோடுவரை 16 இருக்கிறதா என்று ஸ்கேல் வையுங்கள். மற்ற இடங்களில் கோட்டுக்குக் கோடு அளக்கிறோம்; இங்கே மட்டும் ஏன் பின் ஓரம்? 4 திரும்பும்போது அதற்கு முன்னால் இருந்த 3 விலகி இடம் கொடுத்துவிடும். 2 விலகாது, அங்கேயே நிற்கும். இந்த 6 மி.மீ.யை விட்டால் களத்தில் இரு பக்கமும் 1.7 மீட்டர் வாசல் திறந்திருக்கும். ஒரு குதிரை தாராளமாக நுழையும்.

இனி ஆறு கம்பெனிகளும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். வலது ஓரத் துண்டை அதன் வலது முன்முனையில் விரலால் அழுத்தி வலப்புறம் சுழற்றுங்கள். அது முன்னாலுள்ள 16 மி.மீ. இடத்தை அப்படியே அடைக்கும். அதற்கு அடுத்த உள்துண்டும் திரும்பி அதன் பின்னால் ஒட்டும். இடது பக்கமும் இதே போல. ஒவ்வொரு பக்கச் சுவரும் 48 பேர் நீளம், நான்கு வரிசை.

9 வந்து 8 நின்ற கோட்டை அடைக்கும், 10 அதன் பின்னால் ஒட்டும். வீரர்கள் நின்ற இடத்திலேயே பின்பக்கம் திரும்புவார்கள். நீங்கள் பட்டையைச் சுழற்றி வையுங்கள். கொடிகளும் குதிரை ஏறிய அதிகாரிகளும் நடுவில். எண்ணிப் பாருங்கள்: 128, 128, 192, 192, மொத்தம் 640.

பின்சுவர் கடைசியில் மூடுகிறது என்பதைக் கவனியுங்கள். 1815 ஜூன் 16 அன்று காத்ர் பிரா போரில் பிரிட்டிஷ் 42-ஆம் ரெஜிமெண்ட் சதுரத்தை மூடி முடிப்பதற்குள் பிரெஞ்சு ஈட்டிக் குதிரைவீரர்கள் உள்ளே புகுந்தார்கள். சதுரம் அவர்களை உள்ளே வைத்தே மூடிக்கொண்டு குத்தி வீழ்த்தியது. தளபதி மக்காரா அங்கே இறந்தார். அதே நாளில் நீண்ட வரிசையாக நிற்கும்போது மாட்டிக்கொண்ட 69-ஆம் ரெஜிமெண்ட் தன் அரசக் கொடியையே இழந்தது.

சுவர் எப்படி வேலை செய்கிறது

முதல் இரு வரிசையும் மண்டியிட்டு, துப்பாக்கிக் கட்டையைத் தரையில் ஊன்றி, முனைக்கத்தியைச் சாய்த்துப் பிடிக்கும். பின்னிரண்டு சுடும். மஸ்கட்டும் கத்தியும் சேர்ந்து சுமார் ஆறடி. அந்த மஸ்கட், முதலில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செய்யப்பட்ட ‘இந்தியா பேட்டர்ன்’ வகை. நெருக்கமான கத்தி வேலிமேல் பாயக் குதிரை மறுக்கும். சதுரத்தின் முழு நம்பிக்கையும் அதுதான். ஆனால் செத்து விழும் குதிரை மறுக்காது. 1812 ஜூலை 23 அன்று ஸ்பெயினின் கார்சியா ஹெர்னாண்டெஸில் அப்படி ஒரு குதிரை மோதி விழுந்த இடைவெளி வழியாக பிரிட்டிஷ் தரப்பின் ஜெர்மன் டிராகூன் குதிரைவீரர்கள் பிரெஞ்சுச் சதுரத்தை உடைத்தார்கள். மிக அருகில் வரும்வரை சுடாமல் வைத்திருப்பதில் உள்ள ஆபத்து இது.

பீரங்கி வந்தால் சதுரம் பெரும் சுமை. வாட்டர்லூவில் சதுரமாக நின்ற 27-ஆம் ரெஜிமெண்டில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காயமடைந்தார்கள். நீள வரிசையில் 640 துப்பாக்கிகள் ஒரே திசையில் சுடும். சதுரத்தின் முன்பக்கத்தில் நின்று சுடுபவர்கள் 64 பேர்தான்.

பின்சேர்க்கை: இதே பட்டைகளால் பிரெஞ்சு பட்டாலியனை அமைக்க முயல வேண்டாம். 1808-க்குப் பிறகு அவர்களுக்கு ஆறு கம்பெனிகள், மூன்று வரிசை. பட்டையின் நீளம், அகலம், இடைவெளி மூன்றையும் புதிதாகக் கணக்கிட்டே வெட்ட வேண்டும்.