மழையில் கார் கண்ணாடி வெளுக்கிறதா? முதலில் அந்தப் பொத்தானைப் பாருங்கள்

மழை நாளில் புதிதாக ஓட்டப் பழகுபவரின் பக்கத்தில் உட்கார்ந்தால், பல வருடங்களுக்கு முந்தைய என்னையே பார்ப்பதுபோல இருக்கும். முன்கண்ணாடி ஆவி படிந்து லேசாக வெளுத்ததும் கை துணியைத் தேடும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விடுங்கள். நாம் செய்கிற தவறுகள் இவை.

ரீசர்குலேஷனை மறந்துவிடுவது

கார் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்ட பொத்தான் இருக்கிறதே, அதுதான். அதில் விளக்கு எரிந்தால் வெளிக்காற்று வராது, உள்ளே இருப்பதே சுற்றிச்சுற்றி வரும். வெயிலில் சீக்கிரம் குளிர்வதற்கு நல்லது.

ஒரு மழை இரவு. வண்டியில் நாங்கள் ஐந்து பேர், எல்லோரும் நனைந்திருந்தோம். பின்னால் இருந்தவர் குளிருகிறது என்றார், ஏசியை அணைத்தேன். மதியம் போட்ட ரீசர்குலேஷன் அப்படியே இருந்தது. சில நிமிடங்களில் எதிரே வெள்ளைத் திரை. பதற்றத்தில் ப்ளோயரை முழுதாகத் திருப்பினேன், இன்னும் மோசமானது. சட்டைக் கையால் ஒரு வட்டம் துடைத்து, அதன் வழியே பார்த்து ஓட்டியதில் சாலை நடுத்தடுப்பில் உரசி பம்பர் கழன்று விழுந்தது.

நடந்தது இதுதான். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும், 10 டிகிரியில் 9 கிராம்தான். எங்கள் மூச்சும் ஈரத்துணியும் சேர்ந்து நிரப்பிய காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும், தாங்க முடியாதது துளியாகப் படிந்தது. ஏசி வெறுமனே குளிர்விப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தைத் தன் காயிலில், அதாவது உள்ளே குளிர்ந்திருக்கும் குழாய்ச் சுருளில், படியவைத்து வெளியே வடிக்கிறது. அதை அணைத்தால், காயிலில் மிச்சமிருந்த தண்ணீரையும் ப்ளோயர் உள்ளேயே ஊதிவிடும்.

ஆகவே வெளிக்காற்றைத் திறந்து, ஏசியை ஓடவிட்டு, காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். குளிர் தாங்கவில்லையா, ஏசியை அணைக்காமல் சூட்டைக் கூட்டுங்கள். சூடான காற்று ஈரத்தை இன்னும் வேகமாக வாங்கும். இத்தனை சொல்லியும் போன வாரம் ஒருவர் பெட்ரோல் மிச்சம் என்று ஏசியை அணைத்தார். பம்பர் மாற்றுகிற செலவுக்கு எவ்வளவு பெட்ரோல் வரும் என்று கேட்க வாய் வரை வந்தது.

கையால் துடைப்பது

எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். அடுத்த முறை அங்கேதான் முதலில் வெளுக்கும்.

எந்தப் பக்கம் என்று பார்க்காமல் துடைப்பது

புழுக்கமான இரவில் ஏசி கண்ணாடியை அதிகம் குளிர்வித்தால் வெளிப்பக்கம்தான் ஆவி படியும். விரலால் உள்ளே தடவிப் பாருங்கள், கோடு விழவில்லை என்றால் வைப்பரைப் போட்டு ஏசிக் குளிரைக் குறைக்க வேண்டும்.

காலடியில் விரிக்கும் ஈர மேட்டை உள்ளேயே விடுவது

காலையில் வெளுத்த கண்ணாடியே சொல்லும்.

இனிப்பு வாசனையை அலட்சியப்படுத்துவது

காய்ந்த நாளிலும் இனிப்பு வாசனையோடு கண்ணாடி வெளுத்து, பிசுபிசுவென்று படலம் விட்டால், ஹீட்டரிலிருந்து கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசியலாம். துடைத்துத் தீராது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.