மருத்துவத் தரவுத்தளச் சந்தா: நூலகங்கள் பணத்தைக் கோட்டைவிடும் இடங்கள்

கிளினிக்கல்கீ, அப்டுடேட், ஆக்சஸ்மெடிசின் போன்ற மருத்துவத் தரவுத்தளங்களுக்குச் சந்தா கட்டும்போது பேரம் முழுக்கத் தள்ளுபடியைச் சுற்றியே நடக்கிறது. அந்தத் தொகை எதை வைத்துப் போடப்பட்டது என்று கேட்பவர்கள் குறைவு. பணம் போவது பெரும்பாலும் அங்கேதான்.

பல பதிப்பகங்கள் முழுநேர மாணவர் எண்ணிக்கையை வைத்து விலை சொல்கின்றன. மருத்துவமனைகளுக்கான சேவைகளில் படுக்கைகளையோ மருத்துவர்களையோ எண்ணுவதும் உண்டு. பல்கலைக்கழகத்தின் மொத்த எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டால் சட்டம், பொறியியல் படிப்பவர்களுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டிவரும். மருத்துவம், செவிலியம், மருந்தியல் மட்டும் என்று எழுத்தில் வரையறுக்கக் கேளுங்கள். அதற்காகக் குறைத்துச் சொல்லவும் கூடாது. பயிற்சி மருத்துவர்களையும் இணைப்பு மருத்துவமனை ஊழியர்களையும் விட்டுவிட்டால், அதிகம் தேவைப்படுபவர்களுக்கே உரிமம் இருக்காது.

அடுத்தது பயன்பாட்டு அறிக்கை. விற்பனையாளர் காட்டும் பெரிய எண்ணை நம்பி 'ஒரு பயன்பாட்டுக்கு இவ்வளவுதானா' என்று திருப்திப்பட்டுவிடுகிறோம். கவுன்டர் (COUNTER) என்பது மின்வளப் பயன்பாட்டை எண்ணுவதற்கான பொதுத் தரம்; அதன்படி தயாராகும் அறிக்கையில் கட்டுரைச் சுருக்கத்தைப் பார்த்தது ஒரு கணக்கு. முழுக் கட்டுரையைத் திறந்தது வேறு கணக்கு. ஒரே கட்டுரையை ஒருவர் திரையில் படித்துவிட்டு பிடிஎஃப்பும் இறக்கினால் மொத்தக் கணக்கில் இரண்டாகப் பதிவாகும், தனித்த கணக்கில் ஒன்றுதான். செலவை வகுக்க இந்தத் தனித்த கணக்கே நியாயமானது. 'அணுகல் மறுப்பு' அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். உரிமம் இல்லாததால் திரும்பியவர்கள் அதிகமா, ஒரே நேரத்தில் நுழைய அனுமதித்த வரம்பு நிரம்பியதால் திரும்பியவர்கள் அதிகமா என்று அதில் தெரியும். இரண்டாவது என்றால் புதிதாக எதையும் வாங்க வேண்டாம், வரம்பை உயர்த்தினால் போதும்.

விலை ஏற்றத்துக்கு உச்சவரம்பு எழுதாமல் கையெழுத்திடவே கூடாது. ஆண்டுக்கு 7 சதவீதம் என்பது சின்னதாகத்தான் தெரியும். அப்படியே போனால் 10 ஆண்டுகளில் கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

சந்தாவை நிறுத்தினால் கையில் என்ன மிஞ்சும்? மின்னிதழ்களுக்கு, பணம் கட்டிய ஆண்டுகளை நிரந்தரமாகப் பார்க்கும் உரிமையைக் கேட்டுப் பெறலாம். பாடநூல் தொகுப்புகளிலும் சிகிச்சை வழிகாட்டிகளிலும் பொதுவாக எதுவும் மிஞ்சாது. அவற்றை மட்டுமே நம்பிப் பாடத்திட்டம் அமைத்தால், அடுத்த புதுப்பித்தலில் பேரம் பேச நமக்கு இடமே இருக்காது.

விலையை வெளியே சொல்லக்கூடாது என்ற ஷரத்தைப் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். கார்னெல் பல்கலைக்கழக நூலகம் 2011இல் இத்தகைய ஒப்பந்தங்களில் இனிக் கையெழுத்திடுவதில்லை என்று அறிவித்தது. மற்ற நூலகம் என்ன கொடுக்கிறது என்று தெரியாமல் நியாய விலையை எப்படிக் கேட்பது?

அப்புறம், தானாகப் புதுப்பிக்கும் ஷரத்து. நிறுத்துவதாக இருந்தால் எத்தனை நாள் முன்பு தெரிவிக்க வேண்டும் என்று பார்த்து, அந்தத் தேதிக்கும் மூன்று மாதம் முன்பே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். பயன்பாட்டு அறிக்கையை அலசவும் துறைத்தலைவர்களைக் கேட்கவும் அவ்வளவு காலம் வேண்டும்.